ஒரே பீடம், இரண்டு வாசல்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது வடக்கன்குளம். 1872இல் அங்கே கட்டப்பட்ட திருக்குடும்பக் கோயிலைப் பற்றி முதல் தடவை கேட்பவர்கள் யாரோ கட்டிவிட்ட கதை என்றுதான் நினைப்பார்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நீண்ட மண்டபங்கள் அகட்டி வைத்த கால்களைப் போலப் பிரிந்து போகும். ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு எதிர்க்கூட்டத்தின் முகம் தெரியாது. இப்படிக் கட்டிய கோயில்களுக்குக் கால்சட்டைக் கோயில் என்றே ஒரு கிண்டல் பெயர் உண்டு.

கொத்தனார் கைத்தவறு இல்லை இது. திட்டம் போட்டு, வரைபடம் எழுதி, கல்லும் சுண்ணாம்பும் செலவழித்துக் கட்டியது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்கிறவர்கள் ஒரே உடலாகிறார்கள் என்பது நற்கருணை பற்றிய கத்தோலிக்கப் போதனையின் நடுநாயகமான கருத்து. அந்த அப்பம் பீடத்தை விட்டு இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து நடக்க வழி செய்து கொடுத்தது கட்டடக்கலை.

இதே வடக்கன்குளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1745 மே 14 அன்று, நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் ஒருவருக்கு இயேசு சபைக் குரு ஜியோவன்னி பத்திஸ்தா புத்தாரி ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான். லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பின்பு அவரிடமே படைத்தலைவரான டச்சுக் கம்பெனிக்காரர் தெலனாய்தான் தேவசகாயத்துக்கு வேதத்தை அறிமுகம் செய்தவர். 1749இல் தேவசகாயம் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். கொலைக்கு என்ன காரணம் என்பதில் வரலாற்றாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. திருச்சபையின் தீர்ப்பு தெளிவானது: விசுவாசத்துக்காக இறந்த மறைசாட்சி. 2012இல் அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் கையால் புனிதர் பட்டம்.

இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை. கல்யாணம் ஆனவர், அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் இறந்தபின் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே அடங்கினார் என்கிறது மரபு. இந்த விவரத்தைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் ஒருமுறை நிறுத்தி யோசிக்கலாம். ஏனென்றால் ‘தேவ அழைத்தல்’ என்ற சொல்லை இங்கே குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து ஒருவன் குருமடம் போனால், அவனுக்கு அழைத்தல் இருக்கிறது என்பார்கள். பேருந்து ஓட்டப் போன மற்றவனுக்கு? அவனுக்கு வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

திருச்சபை எழுதி வைத்திருப்பது வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டு ஏட்டில், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று சொல்ல ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியது. அழைப்பின் ஊற்று ஞானஸ்நானம். குருப்பட்டம் அதன்மேல் வரும் ஒரு பணி. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலோ, ஏழு அருட்சாதனங்களில் குருத்துவத்தையும் திருமணத்தையும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து வைக்கிறது. இரண்டும் பிறருடைய மீட்புக்காகக் கொடுக்கப்படுபவை என்கிறது. அந்தக் கணக்குப்படி, சீருடை போட்டுக்கொண்டு வண்டியெடுக்கிற அண்ணனுக்கும் அழைத்தல் இருக்கிறது. குருமடத்துத் தம்பி அவருக்கு மேல்படியில் நிற்கவில்லை.

சரி, பேருந்து ஓட்டும் கத்தோலிக்கரிடம் அந்த அழைத்தல் என்ன கேட்கிறது? தேவசகாயத்தின் மறைசாட்சியத்தை ஏற்ற வத்திக்கான், சாதி வேறுபாடுகளைக் கடந்து எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதை எடுத்துச் சொன்னது. தம்மிலும் தாழ்ந்தவர்கள் என்று ஊர் சொன்னவர்களோடு ஒன்றாக இருந்ததும் உண்டதும் அன்றைய திருவிதாங்கூரில் சிறிய குற்றமில்லை. புனிதர் பட்டத்துக்குச் சில வருடங்களுக்கு முன்னால் அவர் பெயரிலிருந்த ‘பிள்ளை’யை எடுத்தே ஆகவேண்டும் என்று ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரிகள் உள்ளிட்ட சிலர் முறையிட்டார்கள். அது சாதிப்பெயர் இல்லை, அரசர் கொடுத்த பட்டம் என்று எதிர்வாதமும் வந்தது. கடைசியில் அந்தச் சொல் நீங்கிற்று. உரோமையில் ஒரு காகிதத்தில் ஒரு சொல்லை அடிப்பது எளிது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற காலத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன் 1704இல், இயேசு சபையினர் இங்கே அனுமதித்திருந்த வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டார். சாகக் கிடக்கும் பறையர் சமூகத்தவரின் குடிசைக்குள் குருக்கள் நேரில் போய் அருட்சாதனங்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அவர் ஆணைகளில் ஒன்று. இதற்கு ஆணை வேண்டியிருந்தது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். குடிசைக்குள் நுழைந்த சாமியாரை மேல்சாதிக்காரர்கள் மறுபடி தங்கள் வீட்டில் ஏற்கமாட்டார்கள் என்பது குருக்களின் வாதம். நாற்பது வருட இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஒரு சமரசத்தை ஏற்றார்: பறையர் மக்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமித்துக்கொள்ளலாம். அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெய் ஒன்றே. பூசும் கைதான் வேறு வேறு.

அடுத்த வருடம் தேவசகாயம் ஞானஸ்நானம் பெறுகிறார். அதே 1745இன் அக்டோபரில் புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பாவுலு கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு இது என்ன நியாயம் என்று கேட்க, சுவரை இடித்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஆளுநர் துய்ப்ளே வரைக்கும் விவகாரம் போயிற்று. பிள்ளையவர்கள் வைணவர், இதில் அவருக்குச் சொந்தமாக எந்த வழக்கும் கிடையாது. வேடிக்கை பார்த்தவரின் குறிப்பு என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

இதற்கெல்லாம் இராபர்ட் தெ நோபிலிதான் காரணம் என்று விரல் நீட்டுகிறவர்கள் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, பூணூலும் குடுமியும் வேதத்துக்கு விரோதமில்லை என்று வாதாடி 1623இல் பாப்பரசரின் அனுமதியும் வாங்கியவர் அவர். பழியை அவர் ஒருவர் தலையில் ஏற்றுவது சோம்பேறித்தனம். நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியர் எடுத்த முடிவுக்காக இன்றைய பங்குப் பேரவை தன் ஊர்க் கல்லறையைப் பிரித்து வைக்கவில்லை. அது பிரிந்திருப்பது வசதியாக இருக்கிறது, அதனால் வைத்திருக்கிறது.

கல்லறை என்று சும்மா சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்கு நடுவே நின்ற சுவர் வருடக்கணக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம், சவவண்டி யாருக்கு என்பதெல்லாம் அங்கே பழைய புண்கள். 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள். தவக்காலம் முடியக்கூட இல்லை.

இந்தப் பிரச்சினை சமூகவியல் துறைக்குரியது, மறையியலுக்கு இதில் வேலையில்லை என்று ஒதுங்குவது பழக்கமாகிவிட்டது. உண்மையில் இது நேராக அருட்சாதனத்தின் மேலேயே கை வைக்கிற பிரச்சினை.

கத்தோலிக்கப் போதனையில் ஓர் அழகான பிடிமானம் உண்டு. அருட்சாதனத்தின் பலன் அதைக் கொடுக்கும் குருவின் தகுதியைப் பொறுத்ததில்லை. குரு பாவியாக இருந்தாலும் ஞானஸ்நானம் செல்லும், பூசை செல்லும். செயல்படுகிறவர் கிறிஸ்து என்பதே காரணம். பிழையான சாமியாரிடம் மாட்டிக்கொண்ட ஏழை விசுவாசிக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இந்தப் பிடிமானத்துக்கு மறுபாதி உண்டு: வாங்குகிறவர் தக்க மனநிலையோடு வரவேண்டும். சடங்கு செல்லும் என்ற முதல் பாதியை நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பாதியை, சிலருக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம்.

யாருக்கு? பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு. விவாகரத்து ஆகி, மறைமாவட்ட நீதிமன்றத்தில் முதல் திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு வாங்காமல் மறுபடி மணந்தவர்களுக்கு. 1981இல் இரண்டாம் யோவான் பவுல், இவர்களைச் சபையிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே, நற்கருணை கிடையாது என்ற பழைய நிலையை உறுதி செய்தார். 2016இல் பிரான்சிஸ் இரக்கத்தோடு ஒவ்வொரு வழக்கையும் பார்த்துத் தேர்ந்து தெளியச் சொன்னார்; அதற்கே சில கர்தினால்கள் எழுத்தில் சந்தேகம் கிளப்பினார்கள். திருமணத்தின் புனிதத்தைக் காப்பதில் திருச்சபைக்கு இருக்கும் அக்கறையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் மூன்று ஓலை வாசிக்காமல் பக்கத்து ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டால் பங்கு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது; அடுத்த ஞாயிறு அவள் நற்கருணை வரிசையில் நிற்கத் தயங்குகிறாள். அதே வரிசையில், சேரித் தெருவுக்குள் தேர் வரக்கூடாது என்று முந்தின வாரம் கூட்டம் போட்டுப் பேசியவர் தலை நிமிர்ந்து நிற்கிறார். அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 915ஆம் பிரிவு, வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைப்பவர்களுக்கு நற்கருணை வழங்கக்கூடாது என்கிறது. அந்தப் பிரிவு மறுமணம் செய்தவர்களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. சாதிப் பாகுபாடு கனமான பாவமா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. இனம், நிறம், சமூக நிலை பார்த்து மனிதரை ஒதுக்குவது கடவுளின் திட்டத்துக்கு எதிரானது என்று 1965இல் வத்திக்கான் சங்கம் சொன்னது. 2003 நவம்பரில் தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பிரிவினையை வளர்க்கும் பழக்கங்களைச் சீர்திருத்தும்படி நேருக்கு நேராகவே கேட்டார். 2016இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை ஏடு, திருச்சபைக்குள் தீண்டாமை கனமான சமூகப் பாவம் என்றது. ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயர்களின் அலமாரியில் அவை ஒழுங்காக அடுக்கி இருக்கின்றன.

‘தகுதியில்லாமல் வாங்குதல்’ என்ற பேச்சின் வேரைத் தேடிப் போனால் இன்னும் சங்கடமாக இருக்கும். அது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே பவுலைக் கோபப்படுத்தியது படுக்கையறை விவகாரமோ ஞாயிறு பூசை தவறியதோ இல்லை. கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுக் குடித்தார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்று அவமானப்பட்டார்கள். இப்படிப் பந்தியில் பிரித்துவிட்டு உண்பது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்பதுதான் அவர் வாதம். பந்தி வஞ்சனை என்றால் என்னவென்று தமிழனுக்கு அகராதி தேவையில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தி ஆத்தும சோதனை செய்யப் பெரும்பாலான வீடுகளில் ஒரு ஜெபப் புத்தகம் இருக்கும். சாதி பார்த்தேனா என்று ஒரு கேள்வி அதில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கலாம்.

நியாயமாக எழும் ஓர் எதிர்க்கேள்வி உண்டு. ஒருவரின் மனதுக்குள் இருக்கும் சாதியைச் சாமியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? நற்கருணை வரிசையில் நின்று விசாரணை நடத்தமுடியுமா? முடியாது, நடத்தவும் கூடாது. நற்கருணையை ஆயுதமாக்கினால் முதலில் அடிபடுவது எப்போதும் எளியவர்கள்தான். ஆனால் சுவர் மனதுக்குள் இருப்பதில்லை. பூட்டி வைத்த சவவண்டியும், திருப்பிவிடப்பட்ட தேரும், திருவிழாவுக்கு ஒரு தெருவில் மட்டும் வாங்க மறுக்கப்படும் வரியும் கண்ணுக்குத் தெரிபவை. திருவிழாவை நிறுத்திவைக்கவும், பேரவையைக் கலைக்கவும் ஆயருக்கு முழு அதிகாரம் இருக்கிறது. பங்கு மக்களிடம் கோபம் வரும் என்பது உண்மை. 1910இல் வடக்கன்குளத்திலும் வந்தது.

அந்த வருடம் அங்கே இரண்டு மண்டபங்களையும் பிரித்து நின்ற சுவரைத் திருச்சபை அதிகாரிகளே அகற்றினார்கள். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மைக்கேல் பிள்ளை முதலானோர் ஆயர் பார்த்தின் மேல் தொடுத்த அந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, 1916இல் தள்ளுபடியானது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கோயிலுக்குள் சாதியின் பேரால் தனி இடத்தைச் சட்ட உரிமையாகக் கேட்கமுடியாமல் போயிற்று. வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில், கூட்டத்தில் ஒரு பகுதி வெளியேறிவிடும் என்ற பயம் இருந்தும், சுவரை இடிக்க முடிந்திருக்கிறது. இன்று முடியாது என்பவர்கள், எது மாறிவிட்டது என்று சொல்லவேண்டும்.

அரசியல் பக்கமும் ஒன்று இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. பின்பு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. ஆயர் பேரவை ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. கோரிக்கை முற்றிலும் நியாயமானது. மதம் மாறினாலும் ஊர் மாறவில்லை, இழிவு மாறவில்லை. ஆனால் டில்லியில் போய் ‘எங்களிடமும் சாதி இருக்கிறது’ என்று மனுக் கொடுக்கிறவர்கள், ஊருக்குத் திரும்பி ‘நம்மிடம் சாதி ஏது’ என்று பிரசங்கம் வைக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் தலித் கிறிஸ்தவருக்குச் சிரிப்பு வருமா, அழுகை வருமா?

2022 மே மாதத்துக்குப் பிறகு தேவசகாயத்தின் படம் இல்லாத பங்கு குமரி மாவட்டத்தில் அரிது. காற்றாடிமலைக்கு வேன் வைத்துப் போகிறார்கள். விலங்கு பூட்டிய கைகளோடு முழந்தாளிட்ட உருவம், மாலை, மெழுகுவர்த்தி. பொதுநிலையினருக்கு இப்படி ஒரு புனிதர் கிடைத்தது நல்லதுதான்; குருமடப் பயிற்சி இல்லாமல், திருமணமான ஒருவர், தம் ஞானஸ்நானத்தை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போகமுடிந்தது என்பதை நம் பிள்ளைகள் அறியட்டும்.

அவருடைய திருநாள் ஜனவரி 14. பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வரும். வரும் ஜனவரியில் தமிழகத்து ஆயர்கள் நீண்ட சுற்றுமடல் எதுவும் எழுதவேண்டாம். ஒவ்வொரு பங்கிலும் கல்லறைக்குள் சுவரோ வேலியோ இருக்கிறதா, இருந்தால் எந்த வருடம் எழுப்பியது, எந்தத் தேதிக்குள் எடுக்கப்படும் என்ற மூன்று விவரங்களை மட்டும் அன்றைய பூசையில், ஓலை வாசிக்கும் அதே குரலில், பங்குத்தந்தை வாசிக்கட்டும்.